உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை

போன மாதம் ஒரு காலையில் வீட்டில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இரும்பு வார்க்கிற பவுண்டரி ஒன்று வரப்போகிறது. அதைப் பற்றி யாரோ விவரமாக எழுதியிருக்கிறார்கள் என்று தங்கை லிங்க் அனுப்பியிருந்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், தளத்தை அடைய முடியவில்லை என்று வந்தது. மற்ற எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

வீட்டில் இருப்பது நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே கம்பெனியின் லைன்தான். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"லைன்ல கொஞ்சம் பிராப்ளம்ங்க மேடம். பாத்துட்டு இருக்கோமுங்க. நாளைக்கு ஆள் அனுப்பறோமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாக்கியம் எந்த அறையில், யார் வாயில் பிறந்தது என்று எனக்குத் தெரியும். அது பிறந்தபோது நான் அங்கே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் பேர் கேட்டேன். கீர்த்தனா என்றாள். ஆள் அனுப்ப வேண்டாம், மோடத்தையும் மாற்ற வேண்டாம், இந்தப் பக்கத்தைப் பூட்டச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டுச் சொல்லு கண்ணு என்றேன். பிறகு சீனியரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அவள் எங்கே கூப்பிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு காய் நறுக்கப் போனேன். கத்தி வெண்டைக்காயில் இருந்தது, மனசு பழைய சர்வர் ரூமில் இருந்தது.

பக்கங்களைப் பூட்டுவதுதான் பல வருஷம் என் வேலை. அது மட்டுமே இல்லை. பகல் முழுக்க வேறு நூறு வேலை இருக்கும். ஆனால் பூட்டுகிற வேலை என் தலையில்தான் வைக்கப்பட்டிருந்தது. காகிதத்தில் அதற்குத் தடை என்று பேர். எங்களுக்குள் பூட்டு என்றுதான் சொல்வோம்.

இந்த வேலைக்கு நான் வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். ஒரு ஸ்பின்னிங் மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் சம்பளச் சீட்டு அச்சடித்தேன். போன் லைனில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு இன்டர்நெட் வந்த காலத்தில், காந்திபுரத்துப் பக்கம் ஒரு மாடியில் தொடங்கிய இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனி வளர்ந்து, அவிநாசி, கோபி வரைக்கும் கேபிள் இழுத்தது. நானும் கூடவே வளர்ந்தேன். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு குணம் உண்டு. மூடி வைத்த டப்பாவைப் பார்த்தால் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. என் அம்மா இதற்காகவே பலகாரத்தைப் பரண்மேல் வைப்பாள், நான் ஸ்டூல் போட்டு ஏறுவேன். இப்படிப்பட்டவளிடம் போய் உலகத்தில் யாரும் பார்க்கக் கூடாத பக்கங்களின் பட்டியலைக் கொடுத்தால் என்ன ஆகும்? பூனையைப் பால் சட்டிக்குக் காவல் வைத்த கதைதான். ஆனால் அதிர்ஷ்டம் பாருங்கள், எனக்கு வாய்த்த மேலதிகாரி பூனை பாலைக் குடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்.

அவர் யூசுப் சார். கோட்டைமேட்டுக்காரர். டெலிபோன் இலாகாவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு பென்சில். பேனா கிடையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதை மரியாதையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரண நாளில் "சுகந்தி, இங்க வா" என்பார். கோபம் ஏற ஏற 'ங்க' சேரும். "வாங்க அம்மணி, உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா" என்றால் அன்றைக்கு யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம்.

பூட்டச் சொல்லி ஆர்டர் வந்தால் அவர் செய்கிற முறை ஒன்று உண்டு. அதை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. சர்வர் ரூம் குளிர் அவருக்கு ஆகாது. வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆர்டரை முதல் வரியில் இருந்து கடைசிக் கையெழுத்து வரை வாய்விட்டுப் படிப்பார். ஆங்கிலத்தில் படித்து, தமிழில் எனக்குச் சொல்லுவார். யார் சொல்லியிருக்கிறார்கள், எதைப் பூட்டச் சொல்கிறார்கள், எதுவரைக்கும்? இந்த மூன்றும் ஆர்டருக்குள் எங்கே இருக்கிறது என்று நான் காட்ட வேண்டும். அங்கே ஒரு பென்சில் கோடு போடுவார். கோடு போட இடம் கிடைக்காவிட்டால் அனுப்பியவர்களுக்கே திருப்பி எழுதிக் கேட்பார். அரசாங்கத்தில் இருந்து வருகிறவற்றில் ரகசியம் என்று போட்டிருக்கும். அதை யாரிடமும் பேசக் கூடாது. கோர்ட்டில் இருந்து வருகிறது வேறு. நாலு பேர் முன்னால் சொன்ன உத்தரவு அது. இந்த வித்தியாசத்தை அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்த கட்டம். பூட்டப்போகிற பக்கத்தைத் திறந்து, தலைப்பில் இருந்து வால் வரைக்கும் படிக்க வேண்டும். படிக்காமல் பூட்டக் கூடாது. "ஆள் உள்ள இருக்கறாங்களா இல்லையான்னு பாக்காம ஊட்டைப் பூட்டுவியா?" என்று முதல் நாள் கேட்டார். படித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று அவரிடம் என் வார்த்தையில் சொல்ல வேண்டும். பூட்டிய பிறகு வெளி லைனில் இருந்து அதைத் திறக்க முயன்று, பூட்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். அதே தளத்தில் பக்கத்தில் இருக்கிற பக்கங்கள் திறக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அப்படி நான் படித்தவை ஒரு தனி நூலகம். முக்கால்வாசி திருட்டு சினிமா, அலுத்துப்போகும். சர்க்கரை நோயைப் பத்து நாளில் விரட்டுகிற வேர் ஒன்று இருந்தது, அதை மட்டும் பூட்டும்போது, இந்த மாதிரி வேரை நம்பி மாத்திரையை நிறுத்திய என் மாமியார் ஞாபகம் வந்து சந்தோஷப்பட்டேன். ஒரு தடவை மலையாளத்தில் ஒரு பக்கம் வந்தது. எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. சரி, பூட்டிவிடலாம் என்று நான் சொல்ல, அவர் எழுந்து போய்க் கீழே டீக்கடை சேட்டனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சேட்டன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்தார், படித்தார், பிறகு எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். அது பலாக்காயில் என்னென்ன சமைக்கலாம் என்ற பக்கம். அந்த முகவரியை முன்பு வைத்திருந்தவர்கள் சினிமா திருடர்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனபின் யாரோ ஒரு பாலக்காட்டு அம்மா அதை வாங்கிச் சமையல் எழுதிக்கொண்டிருந்தார். சார் உடனே எழுதி அனுப்பினார். பட்டியலில் இருந்து அதை எடுத்துவிட்டார்கள். அந்த முறையில் செய்த பலாக்காய்ப் பொரியல் இன்னும் எங்கள் வீட்டில் உண்டு.

பூட்டவே கூடாது என்று நினைக்கிற ஆள் அவர் என்று யாரும் எண்ண வேண்டாம். ஊரில் பதற்றமாக இருந்த ஒரு சமயம் சில பக்கங்களைப் பூட்டச் சொல்லி வந்தது. ஒன்றைத் திறந்தால் சாருடைய தெருப் படம். அவருடைய சொந்தக்காரர் கடையைக் காட்டி, அதற்குள் ஆயுதம் பதுக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தது. அந்தக் கடையில் இருப்பதெல்லாம் அண்டாவும் குண்டாவும்தான். சார் அதையும் கடைசி வரி வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பூட்டு" என்று ஒரே வார்த்தை சொன்னார். பூட்டிய இடத்தில் எப்போதும் போடுகிற அறிவிப்பை அன்றைக்கும் போடச் சொன்னார்.

அந்த அறிவிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டே வரி. இந்தப் பக்கம் உத்தரவின்படி தடுக்கப்பட்டுள்ளது. உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை. இரண்டாவது வரி சாருடைய சொந்தச் சரக்கு. எதற்கு சார் இது, இந்த மாதிரிப் பக்கத்துக்குக்கூட எதற்கு என்று அன்றைக்குக் கேட்டேன். "பூட்டியிருக்குதுன்னு தெரிஞ்சா மனுசன் ஏன்னு யோசிப்பான். லைன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சா, பக்கத்து ஊட்டு லைன்ல போய்ப் பாப்பான்" என்றார்.

பிறகு காலம் மாறியது. முன்பெல்லாம் இணையத்தில் போவது தபால் கார்டு மாதிரி. யார் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார்கள் என்று நடுவில் இருக்கிற எங்களுக்குத் தெரியும், ஒரு பக்கத்தை மட்டும் பூட்டலாம். அப்புறம் எல்லாம் ஒட்டிய கவரில் போக ஆரம்பித்தது. வெளியே இருக்கிற முகவரி மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு பக்கத்தைப் பூட்டச் சொன்னாலும் முழுத் தளத்தையும்தான் பூட்ட முடியும். எங்கள் இரண்டு வரியையும் அந்தக் கவருக்குள் நுழைக்க முடியாது. அறிவிப்பு பாட்டுக்குச் சர்வரில் கிடந்தது, பார்க்கிறவன் கண்ணில் படவில்லை. வெறுமனே வட்டம் சுற்றியது.

ஜனங்கள் போன் போட ஆரம்பித்தார்கள். ஹெல்ப்லைன் பெண்கள், தடை பண்ணியிருக்காங்க என்று உள்ளதைச் சொன்னார்கள். அவிநாசியில் ஒருத்தர், தடை பண்ண நீங்க யாருங்க என்று சண்டை போட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். சின்னவருக்கு அது பொறுக்கவில்லை. சின்னவர் என்றால் முதலாளியின் மகன், அப்போதுதான் பொறுப்புக்கு வந்திருந்தார். எல்லாரையும் கூட்டி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, இனிமேல் ஹெல்ப்லைனில் தடை என்ற வார்த்தையே வரக் கூடாது என்றார். லைன்ல கொஞ்சம் பிராப்ளம்ங்க, பாத்துட்டு இருக்கோமுங்க. இப்படித்தான் அது பிறந்தது.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதல்லவா, யாரிடமும் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்ல மாட்டோம். கல்யாணத்துக்குப் போக முடியாது என்று நன்றாகத் தெரிந்தாலும், பத்திரிகையை வாங்கிக்கொண்டு "வந்துர்றோமுங்க" என்போம். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், மனசு நோகாமல் போய்விடும். சின்னவர் அந்த வழக்கத்தை அப்படியே போனுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஆனால் போனில் அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இது வழக்கம் என்று எப்படித் தெரியும்? அவர் நிஜமென்று நம்பிவிடுவார்.

யூசுப் சார் மட்டும் எழுந்து, "இது பொய்யாச்சுங்களே" என்றார்.

"பொய் இல்லீங்க சார், மரியாதைங்க" என்றார் சின்னவர்.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். சார் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு கோர்ட் உத்தரவு வந்தது. வடக்கே ஒரு நகரத்துக் கோர்ட். லேபில் வளர்த்த திசு வாழைக் கன்று விற்கிற ஒரு கம்பெனி, தன்னைப் பற்றி அவதூறு எழுதியிருக்கிறார்கள் என்று, பேர் தெரியாத நபர்கள்மேல் வழக்குப் போட்டு இடைக்கால உத்தரவு வாங்கியிருந்தது. பூட்ட வேண்டியது ஒரே ஒரு பக்கம். வழக்கம்போல நான் அதைத் திறந்து படித்தேன். கோபிப் பக்கத்து வாழை விவசாயிகள் எழுதுகிற தளம். அந்தக் கன்றை வாங்கி நட்டவர்கள் ஒவ்வொருத்தராகத் தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருந்தார்கள். கேட்ட ரகம் ஒன்று, வந்த ரகம் ஒன்று. பாதி மரம் தாரே போடவில்லை. போட்ட தாரும் காய் விரல்கள் சூம்பிப்போய், சீப்பு சீப்பாக முறுக்கிக்கொண்டு நின்றது. எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை. எங்கே வாங்கினேன், எப்போது நட்டேன், என்ன உரம் வைத்தேன், என்ன வந்தது, அவ்வளவுதான். நான் சாரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். தளத்தின் முதல் பக்கத்திலேயே அதை நடத்துகிறவர் பேரும் ஊரும் இருக்கிறதே, பிறகு எப்படிப் பேர் தெரியாத நபர் என்றார். ஒரு பக்கத்தை மட்டும் பூட்ட இப்போது வழி இல்லை, முழுத் தளமும் போய்விடும், பரவாயில்லையா என்று அந்தக் கம்பெனி வக்கீலுக்கு எழுதினார். உத்தரவை நிறைவேற்றுங்கள் என்று ஒரு வரியில் பதில் வந்தது. கோர்ட் சொல்லைத் தட்ட முடியாது. பூட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பக்கங்கள் எதுவும் திறக்கவில்லை. கரையான் மருந்து, மழை நிலவரம், கோபிச் சந்தையில் தார் விலை எல்லாம் கூடவே போயிருந்தன.

சில வாரம் கழித்து, மூட முடியாத புகார் என்று ஒன்று என் மேஜைக்கு வந்தது. கோபியில் ஒரு வாடிக்கையாளர். தன் தளம் திறக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். லைன்மேன் முருகேசன் போய் மோடத்தை மாற்றியிருக்கிறான், கேபிளை மாற்றியிருக்கிறான், கம்பத்தில் ஏறியிருக்கிறான். ஒன்றும் சரியாகவில்லை. திறக்காத தளத்தின் பேரைப் பார்த்ததும் எனக்குச் சூம்பிப்போன அந்த வாழை விரல்கள்தான் கண்ணில் நின்றன. படிக்காமல் பூட்டியிருந்தால் இதுவும் நூற்றில் ஒன்று என்று மூடிவிட்டிருப்பேன்.

போன் போட்டேன். பேர் வளர்மதி. தோட்டத்தில் இருந்து பேசினார், பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, அந்த லைன்மேன் தம்பி பாவமுங்க, வெயில்ல வந்து வந்து போறாரு. இனி அனுப்ப வேண்டாமுங்க" என்றார். "தப்பு என்மேலதானுங்க. புதுசா ஒரு பக்கம் போடலாம்னு நான் நோண்டிக்கிட்டு இருந்தேன். நோண்டி எதையோ கெடுத்துப்போட்டேன்."

செல்போனிலும் திறக்கவில்லையாம். எப்படித் திறக்கும்? செல்போன் கம்பெனிகளுக்கும் அதே உத்தரவு போயிருக்கும். எழுதிச் சேர்க்கிற வேறு முகவரி வழியாக உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறதாம், ஆனால் வெளியே தெரியவில்லையாம். காலேஜ் படிக்கிற அண்ணன் மகன் வைரஸ் என்று சொல்லிவிட்டான். லைன் பிரச்சினை என்று நாங்கள் சொல்லிச் சொல்லி, அதுவும் சரியாகாமல் போகவே, தன்னால்தான் என்று முடிவு கட்டிவிட்டார். விவசாயிகளிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அடுத்தது சொன்னபோதுதான் எனக்குத் திக்கென்றது.

"நாளைக்கு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேனுங்க."

அழித்தால் அவர்கள் எழுதியதெல்லாம், படமெல்லாம் போய்விடுமே என்றேன். காப்பி எடுத்து வைக்கத் தனக்குத் தெரியாது, படம் அனுப்பினவர்கள் பாதிப் பேரிடம் இப்போது அந்தப் போனே இல்லை என்றார். மரங்களை வெட்டி, தோட்டத்தை உழுது வெகுநாள் ஆகிவிட்டது. அந்தக் கன்று அப்படித்தான் வந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பக்கம்தான். அடுத்த நடவுக்கு அதே கம்பெனி ஊர் ஊராக முன்பதிவு வாங்கிக்கொண்டிருந்தது. கோர்ட் பூட்டத்தான் சொன்னது, அழிக்கச் சொல்லவில்லை. நாங்கள் மரியாதையாகச் சொன்ன ஒரு பொய், அந்த அம்மா கையாலேயே அதை அழிக்க வைக்கப் போகிறது.

எதையும் தொடாதீங்க, கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன் என்று சொல்லிவிட்டு யூசுப் சாரிடம் ஓடினேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "உக்காருங்க அம்மணி. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். நான்தான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்த 'ங்க' எனக்கு இல்லை என்று புரிந்தது. உத்தரவை எடுத்துவரச் சொன்னார். வராந்தாவில் உட்கார்ந்து, முதல் வரியில் இருந்து மறுபடியும் வாய்விட்டுப் படித்தார். அவசரம் சார் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசிக் கையெழுத்து வரைக்கும் படித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டார்.

"ரகசியம்னு ஒரு வார்த்தை இதுல எங்கியாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க சார்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு?"

"இல்லீங்க."

"கேஸ் நம்பர் இருக்குது. அடுத்த வாய்தா எப்பன்னு இருக்குது. எல்லாம் ஊர் பாக்கற கோர்ட்டுல சொன்னது. அந்தம்மாவுக்கு மட்டும் தெரியாது. போய்ச் சொல்லு."

சின்னவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டா வேண்டாம்பார். அந்தம்மாகிட்டச் சொல்லிப்போட்டு, அப்புறம் அவர்கிட்டப் போய்ச் சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டார். அவரும் நம்ம ஊர்க்காரர்தானே" என்று லேசாகச் சிரித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான்.

எங்கள் போன் எல்லாம் பதிவாகிறது. அது தெரிந்தேதான் பேசினேன். உங்கள் லைனில் கோளாறு இல்லை, உங்கள் தளத்திலும் கோளாறு இல்லை, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, இது கோர்ட் உத்தரவு என்று சொன்னேன். எந்த ஊர்க் கோர்ட், என்ன நம்பர், யார் கேட்டது, எந்தப் பக்கத்துக்காக என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் நின்றுவிட்டது. அவரே போய் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அப்ப நான் கெடுக்கலீங்களா?" என்றார்.

இல்லீங்க என்றேன். அழுகிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குரல் மாறிவிட்டது.

"ஏனுங்க, என்மேல கேஸ் இருக்குதுன்னு எனக்கு லைன் குடுத்த கம்பெனிக்காரங்க சொல்லித்தான் தெரியோணுமுங்களா? அந்த ஜட்ஜய்யா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே. முதல் பக்கத்துல என்ற போன் நம்பரே இருக்குதுங்களே."

கேஸ் நம்பரை மறுபடியும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வளர்மதி கோபியில் ஒரு வக்கீலைப் பிடித்தார். வடக்கே போகவில்லை. வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகவே கோர்ட்டில் பேசினார்கள். அவரைக் கேட்காமல் கொடுத்த உத்தரவு என்பதைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. தளத்தைத் திறந்துவிடச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை கன்றுக் கம்பெனியின் பேரை மட்டும் எடுத்துவிட வேண்டும், விவசாயிகள் எழுதியதும் படங்களும் இருக்கலாம் என்று அதில் இருந்தது. யூசுப் சார் அதையும் வாய்விட்டுப் படித்தார், கோடு போட்டார். நான் திறந்தேன். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்று கேள்வி. அது வெற்றியா தோல்வியா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நடவுக்கு முன்னால் அந்தப் படங்கள் திரும்பி வந்துவிட்டன, அது எனக்குத் தெரியும். அடுத்த முறை கோபிக்குப் போன முருகேசன் பைக்கில் ஒரு வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆபீஸ் முழுக்கத் தின்றோம்.

சின்னவர் என்னைக் கூப்பிட்டார். பதிவைக் கேட்டிருக்கிறார் போல. மேஜையில் அதே தாரில் இருந்து இரண்டு பழம் இருந்தது. ஒன்றை உரித்துக்கொண்டே, "நீங்க சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேனுங்க அக்கா" என்றார். கொஞ்சம் விட்டு, "ஆனா இனிமே சொல்லாதீங்க" என்றார். நானும் நம் ஊர்க்காரிதானே. பாக்கலாமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கோர்ட் பூட்டு எதுவானாலும், கேட்டவர்களுக்கு நான் ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஹெல்ப்லைன் வாக்கியம் மட்டும் மாறவே இல்லை.

யூசுப் சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். நான் வெளியே வருகிற சமயத்தில் பட்டியல்கள் நேராகச் சர்வருக்கே வர ஆரம்பித்திருந்தன. வருகிறது, தானே பூட்டிக்கொள்கிறது. வராந்தா நாற்காலியை எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். வேகம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். பால் சட்டி இருக்கிறது, பூனைக்குத்தான் வேலை போய்விட்டது.

வெண்டைக்காய் நறுக்கி, வதக்கி, நானும் வீட்டுக்காரரும் சாப்பிட்டும் ஆயிற்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கம்பெனி நம்பர் இல்லை, ஏதோ தெரியாத செல் நம்பர். எடுத்தால் கீர்த்தனா. சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் நின்று சொந்தப் போனில் இருந்து பேசுகிறாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"மேடம், உங்க லைன்ல கோளாறு ஒண்ணும் இல்லீங்க."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். யார் உத்தரவு கண்ணு என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். சீனியருக்கும் தெரியவில்லையாம், அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியவில்லையாம். பட்டியலில் இருக்கிறது, பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறதாம். யாராவது படித்தீர்களா என்றேன். இல்லீங்க என்றாள். அதோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஏனுங்க மேடம், அந்தப் பக்கத்துல அப்படி என்னதானுங்க இருந்துச்சு?"

"எனக்கும் தெரியாதே கண்ணு" என்றேன். "அதைப் படிக்கத்தானே போனேன்."